பச்சை பூசிய செம்புத் தகடு

3.10.2006, செவ்வாய்

பட்டாசு ஆலை ஃபோர்மேன் அண்ணாச்சியிடம் இன்று சொல்லாதது: ஆறாம் அறை வாசலில் இருக்கும் செம்புத் தகட்டுக்கு எனாமல் அடித்துவிட்டீர்கள். இனி அதைத் தொட்டு ஒரு பயனும் இல்லை.

ஆயுத பூஜைக்குக் கதவு, ஜன்னல், தகடு எல்லாம் ஒரே பச்சை. மேலே சந்தனம், குங்குமம். துணி உரசி உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் கம்பி வழியே மண்ணுக்கு இறங்கத்தான் அந்தத் தகடு. பெயிண்ட் மேல் கை வைத்தால் எங்கே இறங்கும்? உள்ளே மருந்தில், பொறியாக. பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மருந்து அடைக்கப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி என் அண்ணன் மனைவி, மதினி.

ஏன் சொல்லவில்லை? லோடு லாரி நின்றது, அவர் கத்திக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு காரணமா? கோழை.

மழை இல்லை. காற்றில் உதடு வெடிக்கிறது.

4.10, புதன்

சொன்னேன்.

"பூஜை போட்டு மூணு நாள் ஆகல. அதுக்குள்ள குங்குமத்தோட சுரண்டச் சொல்லுதியா தாயி? சீசன் முடியட்டும்."

"அதுவரைக்கும் தரையில தண்ணியாவது தெளிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. ஈரம் இருந்தா உடம்புல கரண்டு ஏறாது."

"நீ ஆபீஸ்ல பில்லைப் பாரு."

மதினியோடு வேலை செய்யும் செல்வி அக்கா: "இனி பி.எஸ்ஸி. படிச்ச புள்ளகிட்ட கேட்டுட்டுத்தான் வெடியே வெடிக்குமாம்ல!" எல்லோரும் சிரித்தார்கள். மதினியும். அதுதான் எரிச்சல்.

வாங்க: தலைவலி மாத்திரை, உப்புத்தாள். நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது.

5.10, வியாழன்

காலையில் மதினி புது பாலியஸ்டர் சேலையில். பூஜைக்குக் கம்பெனி கொடுத்தது. கொசுவத்தை உதறும்போது படபடவென்று சத்தம். பக்கத்தில் நின்ற என் கை முடி எழுந்து நின்றது.

"நூல் சேலை கட்டுங்க மதினி."

"அம்புட்டும் ஊறப் போட்டாச்சு. நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் ஆரம்பிக்காத. எத்தனை வருசமா அந்தத் தகட்டைத் தொட்டுட்டுப் போறேன், என்னைக்காவது கைவிட்டிருக்கா?"

வேன் ஹாரன். போய்விட்டாள்.

ஞாயிறு லீவு. அறை காலியாக இருக்கும். நானே போய்த் தகட்டுப் பெயிண்டைத் தேய்த்துவிடுவது. இரும்பு கூடாது, பொறி பறக்கும்; உப்புத்தாள் மட்டும். வாட்ச்மேனிடம் பேசிவிட்டேன். இடையில் இரண்டு நாள்தான்.

6.10, வெள்ளி

மதியம் இரண்டேகாலுக்கு ஆறாம் அறையில் தீ. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். மதினி மட்டும் முதலில் உள்ளே. இரண்டு கையும் முகமும். மதுரை ஆஸ்பத்திரி.

பின்னால் வந்த செல்வி அக்கா பார்த்திருக்கிறாள். மதினி தகட்டைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போனாள்.