உங்கள் நாடகத்தை எழுதிய மற்றவர்

அக்கா,

இன்று காலை தேவாரப் புத்தகத்தை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு மடித்த தாள் விழுந்தது. திருநீறு படிந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது. எங்கள் மூத்தோர் சங்கத்து ஒன்றுகூடலின் பழைய நிகழ்ச்சி நிரல். பாடின பக்கம் மறந்துபோகாமல் இருக்க நான்தான் எப்போதோ வைத்திருக்க வேண்டும். அதில் ஏழாவதாக, "நாடகம்: அவர் நித்திரை. எழுதி இயக்கியவர்" என்று போட்டு உங்கள் பெயர் மட்டும் இருந்தது. வாசித்துவிட்டு மூடி வைத்தேன். பதிகம் பாட வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எனக்கு ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெல்பேர்னில், நோபல் பார்க் மண்டபத்தில் அந்த நாடகத்தை எத்தனை வருடம் போட்டோம்! புருசனுக்குக் கிடைத்த ரயில்வே வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். புருசன் தூர ஊர் ஆஸ்பத்திரியில் செத்து, அங்கேயே காரியமும் முடிந்துவிட்டது. தெரிந்தால் வீட்டைப் பறித்துவிடுவார்கள். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம், "அவர் நித்திரை, மெல்லக் கதையுங்கோ" என்கிறாள். ஊருக்கே விசயம் தெரியும். தெரிந்தும் எல்லோரும் மெல்லக் கதைத்துவிட்டுப் போவார்கள். அந்த இல்லாத மனிசனுக்குத் தினமும் சாப்பாட்டுத் தட்டம் கொண்டுவருகிற பக்கத்து வீட்டுக்காரி நான். கடைசியில் வீட்டைப் பார்க்க அதிகாரி வருவான். அவன் கதவில் கை வைக்கும்போது உள்ளறையில் இருந்து ஓர் ஆம்பிளை இருமல் கேட்கும். தட்டத்தோடு உள்ளே போன நான்தான் இருமுவேன். திரை மூடும். சனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கும். சங்கத்தில் உங்களுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு நாடகத்தால் வந்தது. மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ரோவிலுக்கு வந்த ஒரு மனுசி என்று உங்களை யாரும் சொல்லவில்லை. நாடகம் எழுதின அக்கா என்றுதான் சொன்னார்கள்.

அந்த மரியாதையில் கை வைத்தது நான்.

நான் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும்தானே. ஊரில் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய காரியம். வகுப்பை ஒரு நாடகம் பார்க்கக் கூட்டிப்போகப் போகிறோம் என்று சொல்லி, அதற்கு முன்னால் ஆளுக்கொரு பிரித்தானிய நாடகாசிரியரைப் பற்றி இன்டர்நெட்டில் தேடிக்கொண்டு வரச் சொன்னார் ரீச்சர். அன்று கோயிலுக்குப் போய்விட்டு வகுப்புக்குப் போகப் பிந்திவிட்டேன். பேர்பெற்ற தாடிக்கார ஆம்பிளைகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒருவருக்கும் தெரியாத ஒரு பெண்பிள்ளை. ரேடியோவுக்கு நாடகம் எழுதினவவாம். பெயர், நாடகம், ஆண்டு, இணையதளம் என்று கட்டம் போட்ட தாள் ஒன்று தந்தார். ஓரிடத்தில் கண்டதை நம்பக்கூடாது, மூன்று இடத்தில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தேடினேன். ஒரு நூலகத்தின் பட்டியல் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கம் வந்தது. பழைய ரேடியோ நாடகங்களின் எழுத்துப் பிரதிகளைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிற தளம் ஒன்றும் வந்தது. எல்லாம் ஆங்கிலம். போனில் அமத்தினால் தமிழாக மாறும் என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள். அமத்தினேன். தமிழ் கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் விளங்கியது. "இறந்த கணவன் பின் அறையில் தூங்குகிறான் என்று மனைவி வருகை தருபவர்களிடம் கூறுகிறாள்."

அக்கா, உங்கள் நாடகத்தைத் தமிழில் இன்டர்நெட்டில் கண்டபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்பிள்ளை உங்களிடம் களவெடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ரீச்சர் சொன்னபடி மூன்று இடத்திலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, அடுத்த புதன்கிழமை மண்டபத்தில் தேத்தண்ணி நேரம் எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அக்கா, உங்கட நாடகத்தை ஒரு வெள்ளைக்காரி களவெடுத்துப் போட்டா."

மண்டபம் கொதித்தது. ஊரைப் பிடித்தவர்கள் நாடகத்தை விடுவார்களா என்று ஒரு அண்ணை கேட்டார். வழக்குப் போட வேண்டும் என்றார் இன்னொருவர். லண்டனில் இருக்கிற தன் மருமகனிடம் சொல்கிறேன் என்றார் வேறொருவர். நீங்கள் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தலையிடிக்கிறது என்று மகனைக் கூப்பிட்டு வேளைக்கே போய்விட்டீர்கள். சந்தோசத்தில் வந்த தலையிடி என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தாளை நிரப்பினேன். மூன்று தளத்திலும் ஒரே ஆண்டுதான் இருந்தது. அந்த ஆண்டில் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கே போகத் தொடங்கியிருக்க மாட்டீர்கள். பேனையை வைத்துவிட்டு, அடுப்பும் மூட்டாமல் குசினியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த புதன் கந்தசஷ்டி விரதம். பாலும் பழமுமாக வந்த நான், எனக்கு ஆங்கிலம் விளங்காமல் பிழையாகச் சொல்லிவிட்டேன், அது வேறு கதை என்றேன். கோபத்தோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். விரதத்தோடு சொன்ன பொய். முருகன் மன்னிப்பான் என்று மனதைத் தேற்றினேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ரோவிலுக்கு வரச் சொன்னீர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு நேரே கேட்டீர்கள்.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீர்?"

"உங்கட பேருக்காகத்தான் அக்கா."

"என்ர பேரை நான் பாப்பன். நீர் உம்மட விரதத்தைப் பாரும்."

பிறகு நடந்ததைச் சொன்னீர்கள். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் கிளாக்காக இருந்த காலம், தங்கியிருந்த வீட்டு ரேடியோவில் ஒரு பின்னேரம் அந்த ஆங்கில நாடகம் போனதாம். அதிகாரி கதவில் கை வைக்கிற இடத்தில் வீட்டுக்கார அம்மா சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ரேடியோவை நிப்பாட்டிவிட்டாவாம். எழுதினவவின் பெயரும் தெரியாது, முடிவும் தெரியாது. கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, நாடு விட்டு வந்த பிறகும் அந்தக் கதவு மனதில் அப்படியே கிடந்ததாம். சங்கத்தில் நாடகம் ஒன்று போடுவோம் என்றபோது எழுதினீர்கள். எழுதினது நீங்கள்தானே என்று கேட்டார்கள். நீங்கள் மறுக்கவில்லை.

"அரைவாசி அவவின்ர. இருமல் என்ர," என்றீர்கள்.

போனை எடுத்து அந்த ரேடியோத் தளத்தைத் திறந்து தந்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, நீங்களே ஆங்கிலத்தில் வாசித்தீர்கள். நான் வாய் மூடி இருந்த நேரங்களில் அது ஒன்று. அவவின் முடிவில் அதிகாரி கதவைத் திறக்கிறான், கட்டில் வெறுமை, கிழவிக்கு வீட்டை விட ஒரு கிழமை தவணை. அவ்வளவுதான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தீர்கள்.

"பாவம், அவ கதவைத் திறந்து போட்டா," என்றீர்கள் கடைசியில். "இந்த முறை நிகழ்ச்சி நிரலில ரெண்டு பேரின்ர பேரையும் போடச் சொல்லும். நானே மேடையில சொல்லுறன்."

ஒன்றுகூடலுக்கு இரண்டு கிழமை இருக்க உங்கள் இதயம் நின்றது. அந்த வருடம் நாடகம் போடவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கும்போது உங்கள் மகனிடம் விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அன்ரி, இப்ப இது தேவையோ? அம்மாவைப் பற்றி எல்லாருக்கும் ஞாபகமிருக்கிறது அந்த ஒண்டுதான்," என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாதாட முடியவில்லை. மலரில் பழையபடியே வந்தது. எல்லோரும் வாசித்தார்கள். நானும் ஒன்று கொண்டுவந்து சாமியறையில் வைத்தேன்.

ஆனாலும் உங்கள் சொல் என்னிடம் கிடந்தது. அந்தத் தளத்தின் அடியில், இந்த நாடகம் வேறெங்காவது மேடையேறியிருந்தால் அறியத் தாருங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதினேன். மெல்பேர்னில் தமிழில் போடப்பட்டது, தமிழில் எழுதியவர் இன்னார், முடிவு அவருடையது. ரீச்சர் எழுத்துப் பிழை திருத்தித் தந்தார். சில கிழமையில் அவர்கள் அதைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெண்பிள்ளையின் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, தகவல் தந்தவர் என்று என் பெயரும் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. சங்கத்துக்கும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் ஆங்கில நாடகக்காரரைத் தேடுகிற ஆட்கள் இல்லை. ஆனாலும் பேரப்பிள்ளை யாராவது பள்ளிக்கூட வேலைக்கென்று ஒருநாள் தேடும். கண்டால் வீட்டில் சொல்லும். புதன்கிழமைகளில் மண்டபத்துக்குள் நுழையும்போது, இன்றைக்கு யாராவது கேட்பார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டுதான் போய் உட்காருகிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற அன்றைக்கு, ஓம், உண்மைதான் என்று சொல்லுவேன் அக்கா. விரத நாளாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.