நின்ற வேனின் வேகம்

12, செவ்வாய்
எங்கள் ஊர் கலஹா முழுக்க மூடுபனி. அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

பாடசாலை வேன் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் என்னோடு வரும் ரிஸ்னாவின் வாப்பா, அதாவது அவள் அப்பா, ஒரு படம் போட்டிருக்கிறார். நேற்று மகளோடு அந்த வேனில் கண்டிக்குப் போனபோது, வேகம் பார்க்கும் ஆப் அவர் போனில் காட்டியது: மணிக்கு 79 கிலோமீட்டர். கீழே, "என்ட புள்ளய இந்த வேன்ல அனுப்ப ஏலாது." ஞாயிறு கூட்டம். வேறு வேன் பிடிப்பதா என்று முடிவு.

வேன் ஓட்டுவது என் அப்பா. ஸ்பீடோமீட்டர் முள் செத்து இரண்டு வருடம். கேட்டால், "இஞ்சின் சத்தமே சொல்லும்" என்பார். இன்று அவர் சாப்பிட்ட சோறு பாதிதான்.

79 உண்மையாக இருந்தால்?

13, புதன்
அம்மாவின் போன், என் சாப்பாட்டுப் பையில். பாடசாலையில் போன் தடை. பிடிபட்டால் முடிந்தது. அப்பாவுக்குப் பின் சீட். அதே ஆப்.

நேர் ரோடு 36. இறக்கம் 28. கொண்டை ஊசி வளைவு 14!

வளைவு வருமுன்பே கியர் மாற்றம். இரண்டு சின்ன ஹார்ன். ஏறி வரும் லொறிக்கு ஒதுங்கி நின்று வழி. லொறிக்காரர் கை தூக்கினார். இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே போனை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீடு மணிக்கு 6 கிலோமீட்டர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

14, வியாழன்
பாறை வளைவில் 0, 0, திடீரென்று 74. வேன் அப்போது தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பாறை வானத்தை மறைத்தால் போனுக்குத் தான் இருக்கும் இடம் தெரிவதில்லை போல. தாவித் தாவிக் கணக்குப் போடுகிறது.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போன் விஷயம் வெளியே வரும்.

15, வெள்ளி
சொல்லவில்லை.

17, ஞாயிறு
வெயில். வேனடியில் கூட்டம். சொல்லிவிட்டேன்! பாறை வளைவு, 74, அம்மாவின் போன், எல்லாம்.

அம்மா: "போன ஸ்கூலுக்கா கொண்டு போன? வீட்டுக்கு வா, இருக்கு."

ரிஸ்னாவின் வாப்பா கோபப்படவில்லை. "வாங்க மகள், போய்ப் பாப்பம்."

எல்லோரும் ஏறினோம். பாறை வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. அப்பா நிறுத்தி வழிவிட்டார். வாப்பாவின் போனில் 0... 0... 71.

ரிஸ்னா கத்தினாள்: "வேன் நிக்கிது வாப்பா, உங்கட போன்தான் ஓடுது!"

வேனே குலுங்கச் சிரிப்பு. வாப்பா அப்பாவின் தோளைத் தட்டினார். "மன்னிச்சுக்கங்க தம்பி. புள்ளைங்க உங்க வேன்லயே வரட்டும்."

திரும்பும்போது அப்பா விசில் அடித்தார். எத்தனை நாளுக்குப் பிறகு! நேர் ரோடு. திறந்த வானம். பாறை ஏதுமில்லை. என் மடியில் போன்: 44, 52, 58. இது தாவல் இல்லை. பின்னால் எல்லோரும் பேச்சில். முன்னால் வளைவு.

சொன்னால் அவர்களுக்கும் கேட்கும். சொன்னேன்.

"அப்பா, ஐம்பத்தெட்டு."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சரிம்மா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

41. 33. 26.