ரங்கூன் சாடியின் பொன்பூக்கள்

செங்கல்பட்டு,
20.11.2005

சௌபாக்கியவதி ஹம்சினிக்கு,

உன் மாமியார் வேதவல்லி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நீயும் கிருஷ்ணபிரசாத்தும் நாவலூரில் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அருளட்டும். போன் செய்தால் அவனே எடுத்து, நீ குளிப்பதாகச் சொல்கிறான். எந்நேரமும் குளிக்கிற பெண்ணை நான் கண்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை விடவில்லை. கொளவாய் ஏரி நிரம்பிவிட்டது.

விஷயம் ரங்கூனிலிருந்து வந்த நம் கொலுச் சாடியைப் பற்றித்தான். சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் கரையில் அகப்பட்ட சீனப் பீங்கான் துண்டுகளை ஆராய விஜயகுமாரி என்றொரு பெண் வந்திருந்தாள். அவளை வரவழைத்தேன். கோடையில் போட்டோ எடுக்கக் கொண்டுபோன நீ, அசலை மாற்றிவிட்டாய் என்று அவளிடம் எழுதி வாங்கவே அழைத்தேன்.

அவள் சாடியைக் கவிழ்த்து அடிவிளிம்பைத் தடவினாள். அடியிலிருக்கும் எழுத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தைய சீன அரசரின் பெயராம். பிற்காலத்தவரும் மரியாதைக்காக அதையே எழுதுவார்களாம். எழுத்தை நம்பாமல் மண்ணையும் விளிம்பையும் பார்க்க வேண்டுமாம். “நூற்று முப்பது வயசு இருக்கும் மாமி. ஆனால் அசல்” என்றாள்.

அப்படியானால் நீலத்துக்கு நடுவே இருந்த பொன்பூக்கள் எங்கே என்றேன். நீலம் கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் தீட்டியது, போகாது. பொன் மெருகின் மேல் பூசியது, தேய்த்தால் போகும் என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். பூ இருந்த இடமெல்லாம் மங்கிய தடம். ஓர் இதழ்கூடக் குறையவில்லை.

யார் துலக்குவது என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா உள்ளிருந்து பெருமையாகச் சொன்னாள்: “எங்கம்மா யாரையும் அத்தத் தொட வுடமாட்டாங்க! பித்தளைச் சொம்பு கணக்கா புளி போட்டு அவங்களே தேய்ப்பாங்க.”

கண்புரை எடுக்கும்வரை எனக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது. பொன் போனது தெரியவில்லை. புதுக் கண்ணோடு கொலுவில் பார்த்தபோது பூக்கள் இல்லை. உடனே உன்னைப் பார்த்தேன். கொலு பார்க்க வந்த கோமளமும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நீ குங்குமச் சிமிழோடு நின்றாய். அன்று நான் சொன்னதைத் திருப்பி எழுதக் கை வரவில்லை. எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்து முடித்த பிறகுதான் நீ அழுதாய்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கான்வென்ட்டில் பழக்கினார்கள். அது மட்டும் எனக்குப் படியவில்லை.

கொலுவன்று வந்தவர்களையே வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்திருக்கிறேன். “கார்த்திகையில் எவளாவது கொலு வைப்பாளாடி, வேதா?” என்று கோமளம் கேலி செய்தாள். வரட்டும். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் எதிரில் சொல்லிவிடுவேன்.

ஆனால் உன் மாமனார் போன பிறகு, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க நான் ஆகாது. அது உனக்குத் தெரியும். சிமிழ் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது.

தீர்க்கசுமங்கலியாக இரு.

வேதவல்லி