கரையில் எட்டு மணி நேரம்

கோச்சி துறைமுகம், ஷிகோக்கு
ஏப்ரல் 12

அன்பானவருக்கு,

சுமியே எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கப்பல் காலை எட்டரைக்குக் கரை தொட்டது. எல்லோரும் சுற்றுலாப் பேருந்துகளில் ஏறினார்கள். கொடி பிடித்த பெண் முன்னால் போக நாற்பது பேர் பின்னால் நடப்பதைப் பார்த்ததும் எனக்கு அதில் ஏறப் பிடிக்கவில்லை. ஐந்து மணிக்குள் திரும்பினால் போதும் என்றார்கள். நான் பாட்டுக்கு ஊர்ப் பேருந்தில் போய், ஒரு பாலத்தருகே இறங்கி, ஊர்க் கோட்டையைப் பார்க்கலாம் என்று டிராம் பிடித்தேன். அது கோட்டைக்கு எதிர்ப்பக்கம் போகிற டிராம். கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

திரும்பி வந்து இறங்கிய இடத்தில் ஒருவர், "இது கோட்டைக்குப் போகுமாங்க?" என்று கேட்டார்.

"போகாதுங்க. நானும் அந்தத் தப்பைப் பண்ணிட்டுத்தான் வந்து நிக்கிறேன்" என்றேன்.

அவரும் நம் கப்பல்தான். பெயர் நகுமோ. நீகாத்தாவில் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். கோட்டைப் படிகளில் நகுமோ மூச்சு வாங்க நின்று, "நீங்க நடக்கிற வேகத்துக்கு நான் வண்டி வச்சுத்தான் வரணும்" என்றார். மதியம் சந்தைக்குள் நீளப் பலகையில் இடம் பிடித்து, வைக்கோல் நெருப்பில் வாட்டிய சூரை மீன் சாப்பிட்டோம். நகுமோ பச்சைப் பூண்டை அப்படியே கடித்துக் கண்ணில் நீர் வடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைக் கணவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, தங்கள் மீனில் ஒரு தட்டை எங்கள் பக்கம் தள்ளி வைத்தார்கள். நகுமோவுக்கு முகம் சிவந்துபோயிற்று. மீன் நன்றாக இருந்தது.

கப்பல் அறையில் உங்கள் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. என் துணிகளை அதில் பரப்பி வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுதினால் வைத்திருந்து கொடுப்பார்கள்.

உங்கள்
சுமியே


நுமாஸு
ஏப்ரல் 15

சுமியேவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரை போடுகிறேன்.

உன் கைபேசிக்கு மூன்று நாளாகக் கூப்பிட்டேன். நேற்றுத்தான் நம் வீட்டு அலமாரிக்குள்ளேயே மணி அடிப்பது காதில் விழுந்தது. கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மறந்து வைத்தாயா, மறைத்து வைத்தாயா? நானும் எழுத உட்கார வேண்டியதாயிற்று.

உன் கடிதத்தில் நகுமோ என்ற பெயர் நான்கு இடங்களில் வருகிறது. சிவப்புப் பேனாவால் கோடிட்டுப் பார்த்தேன். ஷிகெதோ என்ற என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்குக் கிடைத்தது மாத்திரை.

நாற்பத்தொரு வருடமாக முழங்கால் வலி என்று சொல்லி எனக்குப் பத்தடி பின்னால் நடந்தவள் நீ. கோட்டைப் படியில் வேறொருவருக்கு மூச்சு வாங்குகிற வேகத்தில் ஏறினாயாம். அந்த முழங்கால் எங்கே போயிற்று? அந்தத் தட்டு யார் கொடுத்தது? ஏன் வாங்கினீர்கள்? "நாங்க கணவன் மனைவி இல்லைங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கருவாட்டுக்கடை இசோபேயிடம் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அண்ணி கப்பல்ல, அண்ணன் அடுப்படியிலயா! அந்த வாத்தியார் பார்க்க எப்படி இருப்பாரு, முடி இருக்கா?" என்று கேட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான். முடி இருக்கிறதா?

நாகசாகியில் டிராமுக்குப் பின்வாசலில் ஏற வேண்டும், முன்வாசலில் இறங்க வேண்டும். நான் அந்த ஊருக்குப் போனதில்லை, ஆனாலும் தெரியும். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஷிகெதோ


நாகசாகி
ஏப்ரல் 18

அன்பானவருக்கு,

தபால் நிலையத்தில் உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்த பெண், உறையின் கனத்தைப் பார்த்து, "வீட்ல ஏதும் அவசரமாம்மா?" என்று கவலையோடு கேட்டாள். இல்லை என்றேன். கல்யாணத்துக்கு முன்பும் நீங்கள் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

இந்தக் கப்பலுக்கு இரண்டு பேருக்குத்தான் பதிவு செய்தோம். நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று செய்து, ஒரு வருடம் தள்ளிப்போய், கடைசியில் தேதி வந்தது. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு முதுகு வலிக்குது, நான் வரலை. நீயும் போக மாட்டேன்னு தெரியும்." முதல் பாதியை நான் மன்னித்துவிட்டேன்.

என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் வழி காட்ட முன்னால் போவீர்கள், நான் கடைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். "ஏன் பின்தங்கறே?" என்று அதட்டும்போது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று முழங்கால் என்றேன். அது உங்களுக்குப் புரிகிற பதிலாக இருந்தது.

உங்களுக்கு வருத்தம் தருவதால் இந்தக் கடிதத்தில் யாரைப் பற்றியும் எழுதவில்லை. இந்த ஊரில் வீடுகளுக்குத் தெரு கிடையாது, படிதான். ஒரு படிக்கட்டில் ஏறி, ஒரு வீட்டின் துணி காயும் கொடிக்கு அடியில் புகுந்து, ஒரு கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றேன். துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. நம் கப்பல் சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. பசி வந்து இறங்கி, சிப்பியும் முட்டைக்கோசும் குவித்த நூடுல்ஸ் ஒரு பெரிய கிண்ணம் தீர்த்தேன். படியில் எடுத்த படம் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். நன்றாக விழுந்திருக்கிறேன், இல்லையா?

உங்கள்
சுமியே


நுமாஸு
ஏப்ரல் 20

சுமியேவுக்கு,

இதை சக்காய்மினாத்தோ தபால் நிலையத்துக்கு அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தில் நகுமோ ஒரு தடவைகூட வரவில்லை. இது அதைவிட மோசம்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் நிழலுக்குப் பக்கத்தில் படியின்மேல் இன்னொரு தலையின் நிழல் விழுந்திருக்கிறது. யார் எடுத்தது? நீ அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை. தேடிப் பார்த்தேன், நம் ஆல்பம் எதிலும் இல்லை.

இருபத்தேழு வருடம் ஓட்டுநர் பள்ளியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போகாது.

அடுத்து வரும் கானாசாவாவில் நீ இறங்க வேண்டாம். கப்பலிலேயே இரு.

ஷிகெதோ


கானாசாவா துறைமுகம்
ஏப்ரல் 24, மதியம்

சுமியே,

இதை நுமாஸுவிலிருந்து எழுதவில்லை. மேலே இருக்கும் ஊர்ப் பெயரை இன்னொரு தடவை பார்.

காலை முதல் ரயிலில் கிளம்பி, தோக்கியோவில் மாறி வந்தேன். உன்னையும் அந்த ஆளையும் சேர்த்துப் பிடிக்கத்தான் வந்தேன். என்ன பேச வேண்டும் என்று ரயிலில் மூன்று விதமாக மனப்பாடம் செய்தேன். நான் வந்து சேரும்போது பதினொரு மணி, நல்ல மழை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் ஊருக்குள் போய்விட்டார்கள். நீயும் இறங்கிப் போய்விட்டாய்.

முனையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர், ஒரு காலில் கட்டுப் போட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரையாவது கூப்பிட வந்தீங்களா?" என்றார்.

"என் சம்சாரத்தை. நீங்க இறங்கலையா?"

"காலைப் பாருங்க, கொப்புளம். அதுவும் இல்லாம தனியாச் சுத்தறது எனக்கு வரலை. கோச்சியில ஒரு அம்மா கூட வந்தாங்க, நல்லாயிருந்துச்சு. அடுத்த ஊருக்கும் சேர்ந்து போகலாமான்னு கேட்டேன். 'தப்பா நினைக்காதீங்க, நான் தனியாப் போறேன்'னுட்டாங்க. நாகசாகியில திரும்பக் கேட்டேன். அதே பதில்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? 'எங்க வீட்டுக்காரர் நாற்பத்தொரு வருஷமா எனக்கு வழி சொல்றார். மறுபடி ஒருத்தர்கிட்ட முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?'ன்னாங்க." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

நான் யார் என்று சொன்னேன். அந்தக் காலோடு எழுந்து நின்று வணங்கினார். மிச்சமிருந்த சோற்று உருண்டையை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். முடி இருக்கிறது அவருக்கு. என்னைவிட அதிகம்.

சுமியே, அவர்மேல் இருந்த பொறாமை அந்த பெஞ்சிலேயே போய்விட்டது. ஆனால் பொறாமை போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. நீ இப்போது குடையோடு எந்தத் தெருவில் நடக்கிறாயோ, அந்தத் தெருவின்மேல் என்று வைத்துக்கொள். இன்னொரு ஆள் என்றால் நான் சண்டை போடுவேன். தெருவோடு எப்படிச் சண்டை போடுவது?

எனக்கு முதுகு வலி இல்லை. எல்லா ஊரிலும் நீ என்னிடம்தான் வழி கேட்பாய். தெரியாத ஊரில் நான் திணறினால் நீ பார்த்துவிடுவாய். அதற்குப் பயந்துதான் வரவில்லை.

ஐந்து மணிவரை இருந்தால் உன்னைப் பார்க்கலாம். ஆனால் நீ சிரித்துக்கொண்டு திரும்பி வரும்போது, பரீட்சை முடிவில் மதிப்பெண் அட்டையோடு நிற்கும் வாத்தியார் மாதிரி நான் வாசலில் நிற்பேன். அந்த முகத்தோடு நிற்க எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு மணி ரயிலில் திரும்புகிறேன். இதை நகுமோவிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இறங்க வேண்டாம் என்று எழுதியது தவறு.

ஷிகெதோ


கானாசாவா துறைமுகம்
ஏப்ரல் 24, மாலை

அன்பான ஷிகெதோவுக்கு,

நகுமோ நொண்டிக்கொண்டே வந்து கடிதத்தைக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் கோபக்காரர்னு நினைச்சேன். பசியா இருந்திருக்கார்" என்றார். முனையத்தில் நின்றபடியே படித்தேன். மறுபடி ஒரு தடவை உட்கார்ந்து படித்தேன். கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இதை விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். நாளை மறுநாள் உங்கள் கையில் இருக்கும்.

சக்காய்மினாத்தோவில் உங்கள் உத்தரவை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு பாலத்தின்மேல் ஏறினேன். செங்குத்தான பாலம். கார்கள் திணறித் திணறி ஏறுகின்றன. நடுவில் காற்றில் நின்று உங்களுக்கு இரண்டு பதில் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தது. அது வெறும் கோபம் என்று சொல்லமாட்டேன்.

படத்தை எடுத்தது பள்ளிச் சுற்றுலா வந்த ஒரு பெண், எடுத்ததும் படம் வெளியே வரும் தன் கேமராவில். "பாட்டி, அப்படியே நில்லுங்க, சூப்பரா இருக்கீங்க!" என்று கத்தினாள். அதற்குத்தான் சிரித்தேன். இதை முன்பே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தத் தட்டு விஷயத்தையும் வேண்டுமென்றேதான் எழுதினேன். நீங்கள் கட்டிலைக் காலியாக விட்டதற்கு உங்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ.

தெருவோடு சண்டை போட வேண்டாம். நான் இருபத்தைந்து வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு ஊரில் இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்று நானே முடிவு செய்தது இந்த இரண்டு வாரத்தில்தான். அது ருசியாக இருக்கிறது. அதை விடமாட்டேன். அதற்காக உங்களை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

27ஆம் தேதி கப்பல் ஹாகோதாத்தேயில் நிற்கும். முதல் ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணிக்கெல்லாம் வந்துவிடலாம். காலை எட்டிலிருந்து இரண்டு வரை எனக்கு. அந்த நேரத்தில் என்னைத் தேட வேண்டாம். இரண்டு மணிக்கு ஜூஜிகாய் டிராம் நிறுத்தத்தில் நிற்பேன். அந்த ஊர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திணறுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன், யாரிடமும் சொல்லமாட்டேன்.

இரண்டரை வரை காத்திருப்பேன். நீங்கள் வராவிட்டால் போய்ச் சாப்பிட்டுவிடுவேன். கோபத்தினால் இல்லை. எனக்குப் பசிக்கும்.

சுமியே