இதில் உன் சட்டை எதுடா, கோவிந்து?

என் கண்ணான தம்பி கோவிந்துக்கு,

நீ இருக்குற எடத்துல தபால்காரன் வருவானோ என்னவோ. எழுதாம எனக்கு மனசு ஆறலைடா. நேத்து உன் பொண்டாட்டி சரசு கப்பல் ஏறிட்டா. நாகப்பட்டணத்துல அவ அம்மா வீட்டுக்குப் போறா, இனி சிங்கப்பூருக்குத் திரும்ப மாட்டா.

போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அண்ணி, அவரு ரோந்துக்குப் போட்டுட்டுப் போன காக்கிச் சட்டை ஒண்ணு வேணும்."

வீட்டுல ஏது சட்டை? கடைசியா நீ போட்டிருந்ததை ஆஸ்பத்திரியிலயே வெட்டி எடுத்துட்டாங்க. செத்தவங்க துணி வீட்டுல தங்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்ல, பதினாறாம் நாள் மிச்ச ரெண்டையும் அவளே அழுதுகிட்டு, உன்னைத் தலைவர்னு கூப்பிடுற ரோந்து ஆளுங்ககிட்ட எடுத்துக் கொடுத்தா, யாரு வாங்கினாங்கன்னுகூடப் பார்க்கலை.

சரி, கேட்டு வாங்கிடலாம்னு நம்ம தேக்கா வட்டாரம் முழுக்க அலைஞ்சேன். நம்ம வீட்டுத் துணிக்கு டோபி போடுற குறி எனக்குத் தெரியாதா? காலருக்கு உள்ளே கறுப்பு மையில ரெண்டு கோடு, ஒரு புள்ளி. கறிக்கடை காதர் பாய் ஒரு சட்டையைக் கொண்டாந்து கொடுத்தாரு. "தலைவரோடதும்மா. இதைப் போட்டாத்தான் சந்துக்குள்ள நடக்க தைரியம் வருது. நீங்க கேட்டு எப்படி இல்லேங்குறது?" குறி இருந்துச்சு. பால்காரர் பக்கிரி கொடுத்ததிலயும் இருந்துச்சு. அடுத்தவர் கொடுத்ததிலயும்! உன்னோடதுதான்னு ஆளாளுக்கு சத்தியம் பண்ணினாங்க. உனக்கு இருந்ததே மூணு சட்டை, என் கையில சேர்ந்தது ஏழு.

டோபிகிட்டயே போய்ச் சண்டை போட்டேன். "தலைவர்தான் எல்லாருடையதையும் ஒரே மூட்டையா அனுப்புவாரு, அக்கா. தனித்தனியா குறி போடாதேம்பாரு" ன்னான்.

அடப்பாவி! கடைக்காரங்ககிட்ட மாமூல் கேட்டு வர்ற ரவுடிப் பயலுகளுக்கு எவன் தலைவன்னு தெரியக்கூடாதுன்னு ஒரே துணி, ஒரே தையக்காரர், இப்போ ஒரே குறியுமா? அப்படியெல்லாம் பண்ணி என்னடா கிடைச்சுது? பட்டப்பகல்ல பஃபலோ ரோட்டுல உன்னைத்தானே தேடி வந்து குத்தினானுங்க. கடைக்காரனுங்க கதவைச் சாத்திட்டு நின்னானுங்க, அவனுங்களுக்காகத்தானே நீ ரோந்து நடந்தே?

சரசு ஏழு சட்டையையும் பாயில விரிச்சா. ஒவ்வொண்ணா மோந்து பார்த்தா. கஞ்சி வாசம்தான். கைநீளத்தை அளந்து பார்த்தா, பித்தானைத் தடவிப் பார்த்தா. அப்புறம் தலையில அடிச்சுகிட்டா. "எனக்கே தெரியலையே அண்ணி! அவரோட வாழ்ந்தவ நான், எனக்கே தெரியலையே!" நீ போன அன்னிக்குக்கூட அவ இப்படி அழலைடா.

எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ, எனக்கும் தெரியலை. கைக்கு வந்த ஒண்ணை எடுத்தேன். "இதுதான்டி. இந்தத் தோள்பட்டை பிரிஞ்சப்போ தைச்சவளே நான்தான், எனக்குத் தெரியாதா?" ன்னேன். அவ என் முகத்தையே பார்த்தா. வாங்கி முகத்தோட அணைச்சுகிட்டா. பெட்டியில வைக்கச் சொன்னேன், கேக்கலை. மடியிலயே வெச்சுகிட்டு ஏறிப் போனா.

மத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன். "தலைவரோடது எதுன்னு தெரிஞ்சுதாம்மா?" ன்னு காதர் பாய் பயந்துகிட்டே கேட்டாரு. உங்ககிட்ட இருக்குறதும் அவனோடதுதான் பாய்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன். வேற என்ன சொல்ல?

சரசுக்குப் படிக்க வராது. இதைப் படிக்கிறவங்க யாரும் நாகப்பட்டணத்துக்குச் சேதி அனுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என் கட்டை வேகுற வரைக்கும் இந்தச் சொல்லை மாத்த மாட்டேன், இது சத்தியம். நீயும் எனக்காக ஒண்ணு செய்யணும். அவ கனவுல போனா, அந்தச் சட்டையையே போட்டுகிட்டுப் போடா.

இன்னும் ‘கோவிந்து அக்கா’ன்னே எல்லாரும் கூப்பிடுற உன் அக்கா,
பாக்கியம்