சூரியனைத் தேடிப்போன ராணியும் எங்கள் அக்காவும்

அன்பு அத்தான்,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு விட்டுப்போய்க் கனகாலம். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் "தங்களது கடிதம் கிடைக்கப்பெற்றது" என்ற வகைதான். எங்காவது அந்தப் பாணி தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொறுமை கூடத்தானே, எங்கடை அக்காவோடு முப்பத்துநாலு வருடம் இருந்திருக்கிறீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. கிணற்று மோட்டர் திருத்தியாயிற்று. பின்வளவுப் பலா இந்த முறை நன்றாகக் காய்த்து, இணுவிலில் பாதிச் சனத்துக்குக் கொடுத்தும் முடியவில்லை. அக்காவுக்குப் பிரஷர் சரியாக இருக்கிறது. ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது என்றைக்காவது உங்களை அறியாதவர்கள் கையிலும் கிடைக்கலாம், அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நில அளவையாளர். பகலெல்லாம் ஊர்க்காணிகளை அளந்துவிட்டு, பின்னேரம் வீட்டில் இருந்து இல்லாத ராச்சியங்களை அளந்த மனிதர். மாயாஜாலக் கொமிக்ஸ் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கதையை வாசிக்கமாட்டீர்கள். முதல் பக்கத்து வரைபடத்தில் ஒரு நூலை வளைத்து வைத்து அளப்பீர்கள். "இந்தக் கோட்டையிலையிருந்து அந்த மலைக்குக் குதிரை ரெண்டு நாளிலை போகாது, மச்சாள். எழுதினவர் ஒருநாளும் நடந்து பாக்கேல்லைப் போலை" என்பீர்கள்.

அந்தப் புத்தகங்களுக்கு நீங்கள் வைத்த சட்டங்கள் எனக்கு இன்னமும் பாடம். மந்திரம் போட்டால் போட்டவனுக்கு ஏதாவது குறையவேண்டும், இல்லாவிட்டால் அது மந்திரமில்லை, சோம்பேறித்தனம். சிறகும் காலுமுள்ள பறவைநாகத்தைப் படமாகக் கீறினால் அது எந்தக் காலை ஊன்றி எழும்பும் என்று கீறுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கறுப்பு வெள்ளைப் படம்தான் நல்லது, வர்ணத்தை நாங்கள் பூசிக்கொள்ளலாம். வரைபடத்தில் கதாநாயகன் ஒருநாளும் போகாத ஊர் ஒன்றாவது இருக்கவேண்டும். ஏன் என்று நான் கேட்டதற்கு, "எல்லா ஊருக்கும் போய் முடிஞ்சால் பிறகென்ன உலகம்?" என்றீர்கள்.

நான் மறுபக்கம். நாளைய உலகம் எப்படிக் கெட்டுப்போகும் என்று சொல்லுகிற இருண்ட நாவல்கள்தான் என் சாப்பாடு. அதிலும் எல்லாம் எனக்குப் பிடிக்காது. நல்ல இருண்ட நாவலில் கொடியவன் கத்தமாட்டான். மரியாதையாகக் கதிரையில் இருக்கச் சொல்லி, ஒரு படிவத்தை நீட்டி, மூன்று பிரதி கேட்பான். சும்மா ரத்தத்தை ஊற்றிவிட்டு இதுதான் இருட்டு என்று சொல்லுகிற புத்தகத்தையும், கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு படகைக் கொண்டுவந்து எல்லாரையும் ஏற்றிவிடுகிற புத்தகத்தையும் மூடி வைத்துவிடுவேன். "நீர் கச்சேரியிலை இருந்துகொண்டு கச்சேரியைப் பற்றியே வாசிக்கிறீர். வீட்டை வந்தும் ஓவர்ரைமோ?" என்று என்னைக் கேட்டுச் சிரிப்பீர்கள்.

அக்காவுக்கு இரண்டும் விசர்ப் புத்தகம். பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணியை உங்கள் முன்னால் டங்கென்று வைப்பா. "இஞ்சாருங்கோ, அந்தக் கோதாரியை மூடி வைச்சிட்டுத் தேங்காயை உரியுங்கோ." நீங்கள் தலை நிமிராமல், "பொறும், ராணி உப்புப் பாலைவனத்திலை தனிய நிக்கிறா" என்பீர்கள். "நானும்தான் அடுப்படியிலை தனிய நிக்கிறன், என்னை ஆர் பாக்கினம்?" அப்படித் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் போகும். அடுத்த வீதியிலுள்ள என் வீட்டுக்கே கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நிம்மதி.

அந்தச் சண்டைக்கு அடியில் ஒரு பழைய கோபம் கிடந்ததும் எனக்குத் தெரியும். யுத்தத்தில் இடம்பெயர்ந்த அன்று, சைக்கிளில் இடமில்லை இடமில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோமே, நாவற்குழிப் பாலம் தாண்டிப் பொதியைத் திறந்து பார்த்தால் உள்ளே அந்த ராணி கொமிக்ஸின் ஆறு பாகம். உங்கள் கல்யாண அல்பம் வீட்டிலேயே கிடந்துவிட்டது. திரும்பி வந்தபோது அது இல்லை. அவசரத்தில் மாறிப் பொதியைத் தூக்கிவிட்டேன் என்று நீங்கள் சத்தியம் பண்ணினீர்கள். அக்கா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

நீங்கள் போனபிறகு அக்கா கதைப்பதை நிறுத்திவிட்டா. அழவுமில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று வந்த சனம், "நல்ல தைரியமான மனிசி" என்று சொல்லிவிட்டுப் போனது. நாலு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றுவா, உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைப்பா, ஆறினபிறகு எடுத்துக்கொண்டுபோய் ஊற்றிவிடுவா. இந்த மனிசி இப்படியே உள்ளுக்குள் மூடிப்போய்விடப் போகிறா என்று நான் மெய்யாகவே பயந்தேன், அத்தான். எனக்கு வேறு ஆர் இருக்கினம்?

முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் உங்கள் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வேலை எல்லாம் எழுதி, "மாயாஜாலச் சித்திரக்கதைகளை வாழ்நாள் முழுவதும் விரும்பி வாசித்தார்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அச்சகத்திலிருந்து வந்த திருத்தப்படியை அக்காவின் மடியில் வைத்தேன். அவ சிவப்புப் பேனையை எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்தில் "சமய நூல்களில் ஈடுபாடு உடையவர்" என்று எழுதினா.

"அக்கா, அத்தான் தேவாரப் புத்தகம் திறந்ததை ஒருநாளாவது கண்டனீங்களோ?"

"பேயும் பிசாசும் வாசிச்சவர் எண்டு அச்சடிச்சுக் குடுக்கிறதோ? சனம் சிரிக்காதே?" பேனையை மூடிக்கொண்டே, "என்ரை அல்பத்தைத் திண்ட புத்தகங்கள். அதுகளுக்கு நான் அச்சிலை இடம் குடுக்கமாட்டன்" என்றா.

இருபது நாளைக்குப் பிறகு அக்கா பேசிய முதல் முழு வசனம் அது. எனக்குக் கோபம் வந்ததா சந்தோசம் வந்ததா என்று தெரியவில்லை. ஆனால் பிடித்த நூலை விடக்கூடாது என்று மட்டும் விளங்கியது. "வாசிக்காமல் வெட்டுறது ஞாயமில்லை. ஒண்டையாவது வாசிச்சிட்டு வெட்டுங்கோ" என்றேன். "நீ வாசி, நான் கேக்கிறன். கேட்டிட்டு வெட்டுறன்" என்றா.

அன்றே தொடங்கினோம். களவுபோன சூரியனைத் தேடி ஒரு ராணி மூன்று பேரோடு போவாளே, அதே கதைதான். கொமிக்ஸை மற்றவருக்கு வாசித்துக் காட்டுவது எவ்வளவு கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியுமோ? பேச்சை மட்டும் வாசித்தால், "படத்தைச் சொல்லடி, இப்ப ஆர் எங்கை நிக்கினம்?" என்று அதட்டுவா. படத்தைச் சொன்னால், "காணும், சண்டையை வாசி" என்பா. மூன்றாம் நாள் என்னைத் தள்ளி இருத்திவிட்டுத் தானே பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தா.

நாலாம் நாள் புத்தகத்தில் விரலை வைத்து அழுத்தினா. "நில். உவை நடக்கத் தொடங்கி எத்தினை நாள்?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாளா ஒருத்தருக்கும் பசிக்கேல்லை. ஒருத்தரும் உடுப்புத் தோய்க்கேல்லை. உந்த ராணிக்கு மாதவிலக்கும் வராதோ? பதினொரு நாள் நடந்தவளின்ரை காலைப் பார், ஒரு கொப்புளம் கீறேல்லை. உவர் தூரம் அளந்தாராம், தூரம்! காலை அல்லோ பாத்திருக்கவேணும்."

அத்தான், நீங்கள் நூல் வைத்து அளந்த முப்பது வருடத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததோ? எனக்கும் வரவில்லை. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

உற்சாகத்தில் நான் ஒரு பிழை விட்டேன். என் நாவல் ஒன்றையும் கொண்டுபோய், இதுதான் நிசத்தைச் சொல்லும் புத்தகம் என்று பெருமையாக வாசித்துக் காட்டினேன். ஒரு நகரத்தில் தண்ணீர் வற்றிப்போய்ச் சனங்கள் ஒருவரையொருவர் கொல்லும் கதை. அதில் ஒருத்தரும் ஒருத்தருக்கும் இரங்கமாட்டார்கள். அதுதான் அதன் துணிச்சல் என்று நான் பலபேரிடம் புகழ்ந்திருக்கிறேன். அக்கா முழுக்கக் கேட்டா. பிறகு எழும்பிப்போய் வாசற்படியில் இருந்தா. ஐயோ, திரும்பவும் ஊமையாகிவிட்டா என்று நினைத்தேன்.

"நாங்கள் பாலம் தாண்டி விடியேக்கை கைதடியிலை ஒரு வீட்டு வாசல், ஞாபகமிருக்கோ?" என்றா. "வாளியிலை தண்ணியும் ஒரு செம்பும் வைச்சிருந்திச்சினம். குடிக்கக் குடிக்க ஒரு மனிசி கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினது. கிணறு கலங்கினாப் பிறகு தன்ரை சீலைத் தலைப்பாலை வடிச்சு வடிச்சு ஊத்தினது. பேரும் தெரியாது, முகமும் ஞாபகமில்லை. உன்ரை ஆள் ஏன் அந்த வாளியை எழுதேல்லை? காணேல்லையோ, இல்லாட்டி எழுதினால் விக்காதோ?"

நான் விடவில்லை. "எல்லா வாசலிலையும் வாளி இருக்கேல்லை, அக்கா" என்றேன்.

"ஓம், இருக்கேல்லைத்தான். வாசல் கேற்றைப் பூட்டினவையும் இருந்தவை. அதையும் எழுதட்டும். அதுக்காண்டி இருந்த வாளியை அழிக்கிறதோ?"

நாலு மாதமாக அதையே யோசிக்கிறேன். இருண்ட நாவல்களை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். பூட்டின கேற்றைப் பற்றிச் சொல்லவும் ஆள் வேண்டும். ஆனால் இப்போது ஒவ்வொன்றிலும் அந்த மனிசியைத் தேடிக்கொண்டுதான் வாசிக்கிறேன். அவ ஒரு வரியில்கூட இல்லையென்றால், எவ்வளவு கெட்டித்தனமாக எழுதியிருந்தாலும், இந்த எழுத்தாளருக்கு அரைவாசிதான் தெரியும் என்று எனக்குப் படுகிறது.

கல்வெட்டு வரியைக் கடைசியில் அக்காவே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மாயாஜாலச் சித்திரக்கதைகளை விரும்பி வாசித்தார். அவற்றிலுள்ள தூரங்களைத் தாமே அளந்து பிழை பிடிப்பார். அவருடைய மனைவிக்கு அப்புத்தகங்கள் பிடிப்பதில்லை." கடைசி வசனம் கல்வெட்டில் வரலாமோ என்று நான் இழுத்தேன். "ஏன், பொய்யோ? போடு" என்றா. அப்படியே அச்சாகியது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, முழுகி, வீட்டுக்கு வந்து சனம் பந்தியில் இருந்தது. வழக்கமாக அந்தப் புத்தகத்தைப் படம் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைப்பார்கள். அன்று உங்களோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "தங்கச்சி, ஏன் பிடிக்கேல்லை?" என்று கேட்டார். பாயாச வாளியோடு நின்ற அக்கா வாளியைக் கீழே வைத்தா. பசி, உடுப்பு, கொப்புளம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னா. பெரியவர் உங்கள் பக்கம் நின்று, "கதையெண்டால் கொஞ்சம் விட்டுத்தானே சொல்லவேணும்" என்றார். பந்தி இரண்டாகப் பிரிந்தது. பாயாசம் ஆறிப்போனது. அந்தியேட்டி வீட்டில் சிரிப்புச் சத்தமோ என்று ஊரில் சிலர் கதைத்திருப்பார்கள், கதைக்கட்டும்.

இப்போது எட்டாம் பாகத்தில் நிற்கிறோம். புதிதாக வந்த பாகமும் தபாலில் வந்து மேசையில் கிடக்கிறது. ஒழுங்காகத்தான் வாசிக்கவேண்டும் என்று அதைத் தொட அக்கா விடமாட்டா. எல்லா நாளும் நல்ல நாள் என்று சொல்லமாட்டேன். சில பின்னேரங்களில் புத்தகத்தைத் திறக்காமலே சும்மா இருப்போம்.

நேற்று நான் போகமுதலே தானே எடுத்து வாசித்துக்கொண்டிருந்தா. நான் படியேறும்போது உள்ளேயிருந்து உரத்த குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ! உங்கடை ராணி சூரியனைக் களவெடுத்தவனை மன்னிச்சு விட்டிட்டா! உவளுக்கென்ன விசரோ?"

பழக்கத்தில் வந்த வார்த்தை. பதில் வரவில்லை. நான் உள்ளே போனதும் அக்கா கதிரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, புத்தகத்தை மடித்து வைத்தா. பிறகு அழுதா, அத்தான். ஐந்து மாதமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் என் தோளில் அழுதா. நானும் அழுதேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தள்ளுத் தள்ளினா.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நீ எழுதிறனியெல்லே, அவருக்கு எழுதிப் போடு. ராணி செய்தது பிழை, நான் சொன்னனெண்டு எழுது. அவர் என்ன சொல்லுறாரெண்டு பாப்பம்."

எழுதிவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மாயம் மந்திரத்தில் எனக்கு இன்னமும் நம்பிக்கையில்லை. உங்கள் ராணி என்னைக் கேட்டால் ஒரு அசட்டு ராணிதான். ஆனாலும் வாக்குத் தருகிறேன், அத்தான். நாளைக்கு நாலு மணிக்கு உங்கள் கதிரையில் நான் இருந்து, அவ மன்னித்தது சரி என்று விளக்கு வைக்கும்வரைக்கும் வாதாடுவேன். நாளையிண்டைக்கும் வாதாடுவேன். அக்காவை இலேசில் வெல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்கு மாறிவிட்ட மச்சாள்,
தேவகி