காற்றில் ஆற்றிய ஒயில்

நானா,

இன்று காலை உட்துறைமுக வீதியில் பெரிய கார் ஒன்று நின்றுபோய்க் கிடந்தது. அதன் அடியிலிருந்து கருகிய மணம் வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்தால் ஒரு மணம் வருமே, அதோடு கொஞ்சம் ரப்பரையும் சேர்த்து எரித்த மாதிரி. சாரதி முன்பக்கப் பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கியர் பெட்டிதான் என்று எனக்கு மூக்கே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கதிரையில் இருத்தி, நான் சொல்லச் சொல்ல எழுது பிள்ளை என்றேன். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது. கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணனாய் நினைத்து நானா என்று கூப்பிட்ட உங்களோடு கதைக்க வேறு வழி தெரியவில்லை.

துறைமுகத்தில் கம்பிக்கயிறு அறுந்து உங்கள் இடது காலைக் கொண்டுபோனபோது, உயிர் தப்பியதே பெரிது என்று ஊர் முழுக்கச் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"இனிக் கிளச்சை எந்தக் காலால மிதிக்கிறது தம்பி?"

துறைமுகத்து லொறி ஓட்டியே வளர்ந்தவர் நீங்கள். பக்கத்துச் சீற்றில் இருந்து போவதென்றால் உங்களுக்கு முகம் கறுத்துவிடும். பிறகு, கடற்படையை விட்டு ஊருக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் கார் உங்கள் கைக்கு வந்தது. அதில் கிளச் இல்லை, கியர் தானாக மாறும். ஒரு காலே போதும். புல்மோட்டைப் பாதையில் வாடகைக்கு ஓட்டத் தொடங்கினீர்கள்.

அந்தப் பாதையின் மணல்தான் எமனாக வந்தது. சில்லு புதைந்து கார் திணறும் போதெல்லாம் கியர் பெட்டி கொதித்தது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால் பெட்டியின் சிவப்பு ஒயில் தேத்தண்ணிச் சாயத்தில் வந்தது. வெளிநாட்டுச் சாமான் இறங்காத காலம் அது. பெட்டி போனால் கார் போச்சு, காரோடு உங்கள் ஓட்டமும் போச்சு. அந்த ஒயிலை ரேடியேற்றரின் அடித்தொட்டி கொஞ்சம் ஆற்றும், ஆனால் மணலுக்கு அது காணாது. இன்னொரு குளிர்விப்பான் பூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நான் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டுகிறவன். எனக்குத் தெரிந்த குளிர்ச்சி தண்ணீர் ஒன்றுதான். செப்புக் குழாயைச் சுருட்டி, தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிக்குள் வைத்து, ஒயிலை அதற்குள்ளால் ஓடவிட்டேன். நீங்களும் துறைமுகத்து ஆள்தானே, "இது சரிதான்" என்றீர்கள். வழியில் குச்சவெளிக்குக் கிட்டப் போகவே தண்ணீர் கொதித்து, பொனற்றுக்குள்ளிருந்து ஆவி எழும்பியது.

"நானா, வள்ளத்தில இப்பிடித்தான் பூட்டுறது."

"வள்ளத்துக்குக் கீழ கடல் கிடக்குடா. இதுக்குக் கடலைக் கயித்துல கட்டி இழுத்துக்கொண்டு போவமா?"

கோபத்தில் சொன்னீர்கள், ஆனால் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கார் ஆறும் வரை தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். கடைக்காரர் ஒரு குவளையை உயர்த்தி மற்றதற்குள் நீளமாக ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தேத்தண்ணியை ஆத்துறவன் தண்ணிக்குள்ளயா வைக்கிறான்? காத்துக்குள்ள எல்லோ விடுறான்."

ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த கிழமை, பழுதான மீன் ஐஸ் அறை ஒன்றிலிருந்து தகடு கோத்த குழாய் வரிசையைக் கழற்றி வந்தேன். உள்ளே ஒரு மணல் பருக்கை இருந்தாலும் பெட்டிக்கு ஆபத்து என்று அதைப் பெற்றோல் விட்டு விட்டுக் கழுவினோம். காருக்கு முன்னால், ரேடியேற்றருக்கும் முன்னால், காற்று நேரே முட்டுகிற இடத்தில் பூட்டினோம். உரசாமல் இருக்க இடையில் பழைய சில்லு ரியூப் துண்டுகள் வைத்தோம். எந்தக் குழாயில் இணைப்பது என்று தெரிய வேண்டுமே. நீங்கள் எஞ்சினை ஓடவிட்டீர்கள், நான் அடியில் படுத்து இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தேன். சூடு குறைந்த குழாய்தான் ரேடியேற்றரில் ஆறிப் பெட்டிக்குத் திரும்புவது. அதில்தான் இணைத்தோம். பெட்டிக்குப் போகுமுன் ஒயில் இன்னொரு தரம் காற்றில் ஆறட்டும் என்று. கீழே நான் கட்டிப் பழசான வெள்ளைச் சாரத்தை விரித்துப் பார்த்தோம். ஒரு சிவப்புத் துளியும் விழவில்லை.

"ஏறு" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதே மணலில் புல்மோட்டை வரை போனோம். போய் நிறுத்தியதும், "கையை வைச்சுப் பார்" என்றீர்கள். பெட்டியின் அடித்தட்டில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது, ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன, சுடுதா?"

"தாங்கலாம் நானா."

மரத்தடியில் கைத்தடியை ஊன்றி எனக்கு முதுகு காட்டிக் கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் கிட்ட வரவில்லை.

கால் போனபிறகு உங்கள் காரில் ஏறுகிறவர்கள் வாயால் உங்களோடு கதைத்துக்கொண்டு கண்ணால் பயத்தோடு உங்கள் காலைப் பார்ப்பார்கள். நீங்கள் அதை அறிவீர்கள். நானும் பார்த்தவன்தான், இனி ஒளித்து என்ன? ஆனால் அன்று திரும்பும் வழியில், உங்கள் பக்கத்தில் இருந்தபடியே நான் நித்திரையாகிவிட்டேன். விழித்தபோது கார் என் வீட்டு வாசலில் நின்றது. எழுப்பாமல் இருந்தீர்கள்.

"குறட்டை விட்டாய்" என்றீர்கள். "என்ட ஓட்டத்துல குறட்டை விட்டாய் தம்பி."

அதைப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்!

இப்போது பிள்ளைகள் ஓட்டுகிற வண்டியில் நான் கண் மூடுவதில்லை. இல்லாத பிரேக்கைக் கால் மிதித்துக்கொண்டே வரும். பழசு எதைக் கேட்டாலும் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும் என்று மகள் சொல்லுவாள். ஓம், இருக்கிறதுதான். புல்மோட்டையிலிருந்து வீடு வரைக்கும் நீங்கள் என்னைக் கொண்டுவந்த அந்த வழி மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை, நானா.